'புரிஞ்சுதா' என்று கேட்காதவர்

மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, சக ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, இன்று சத்தமே போடாமல் உட்கார்ந்திருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும், நம் கணக்கு டீச்சரின் கணவரான டிரைவர் அண்ணன் அவர்களே! இப்படியொரு கூட்டத்தில் உங்களுக்கு வணக்கம் சொல்ல நேரும் என்று நான் நினைத்ததே இல்லை.

நாமெல்லாம் 'சீட்டு டீச்சர்' என்று கூப்பிட்ட நம் கணக்கு ஆசிரியை போய்விட்டார். பதினோரு வருடம் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய கணக்கு, இந்தப் பக்கம் என்னுடைய வரலாறு. இன்று அந்தப் பக்கம் சத்தமில்லை. எனக்குத் தாங்கவில்லை.

பாடம் முடிந்ததும் நான் "புரிஞ்சுதா?" என்பேன். "புரிஞ்சுது சார்!" என்று கூரை அதிரும். பரீட்சைத் தாளில்தான் வண்டவாளம் தெரியும். அவர் அப்படிக் கேட்டதே இல்லை. "ஆமான்னு சொல்லித் தப்பிக்க முடிஞ்சா அது கேள்வியா சார்?" என்பார். மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுப்பார். பெயர் வேண்டாம், எந்த இடத்தில் சிக்கியது என்று மட்டும் எழுத வேண்டும். "என்ன டீச்சர், குலுக்கல் சீட்டா? முதல் பரிசு என்ன?" என்று கேலி செய்தவன் நான்தான்.

ஒரு நாள் முக்கால்வாசிச் சீட்டுகளில் ஒரே சந்தேகம். நாலைவிட எட்டு பெரிது, அப்புறம் நாலில் ஒன்றைவிட எட்டில் ஒன்று மட்டும் எப்படிச் சின்னதாகும்? மறுநாள் கத்தரிக்கோலும் நீளக் காகிதமுமாக வந்தார். "நேத்து நான் சொல்லிக்குடுத்த விதம் சரியில்ல. வாங்க, வெட்டிப் பாப்போம்." பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லும் துணிச்சல் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்காக மனசுக்குள் பத்து வரை எண்ணுவார். "வகுப்புல தியானமா டீச்சர்?" என்றேன். "கேக்கறது சுலபம் சார். கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கணும் பாருங்க, அதான் கஷ்டம்," என்றார்.

போன வியாழக்கிழமை, கையில் பிள்ளைகளின் துண்டுச் சீட்டுகளோடு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். முகம் வெளுத்திருந்தது. "நல்லாத்தானே இருக்கீங்க டீச்சர்?" என்றேன். "நல்லாத்தான் சார் இருக்கேன்," என்றார். நான் என் வகுப்புக்குப் போய்விட்டேன். அந்தப் பாடவேளை முடிவதற்குள் ஆசிரியர் அறை நாற்காலியிலேயே அவர் உயிர் பிரிந்துவிட்டது.

ஐயோ, பதினோரு வருடம் பக்கத்திலிருந்து நான் என்ன கற்றேன்? தப்பிக்க வழிவிடும் கேள்வியைத்தானே அவரிடமே கேட்டேன்! பத்து வேண்டாம், இரண்டு வரையாவது எண்ணினேனா?

அவர் படிக்காமல் விட்டுப்போன முப்பத்தெட்டுச் சீட்டுகள் என் பையில் இருக்கின்றன. நாளை முதல் பாடவேளைக்கு நான் வருகிறேன், பிள்ளைகளே. எனக்குக் கணக்கு வராது. சிக்கும் இடத்தில் சேர்ந்தே சிக்குவோம். ஆனால் ஒரு சீட்டையும் விடமாட்டேன், இது அவர்மேல் ஆணை!

அண்ணா, நாலு நாளாக எல்லோரும் உங்களிடம் "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா" என்கிறோம். நீங்களும் "ம்" என்கிறீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன், மன்னியுங்கள். இப்போது இறங்கி வந்து உங்கள் பக்கத்தில் உட்காரப்போகிறேன். "எந்த இடத்துல சிக்குது அண்ணா?" என்று கேட்பேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். பத்து போதாதென்றால் விடியும்வரை எண்ணுவேன்.