அத்தான் வெட்டின கியர்

செம்பூரிலிருந்து குர்லா போகும் லோக்கலில் எனக்கு எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். திருநெல்வேலிப் பேச்சு. இளையவருக்குத் தாராவியில் தோல் வியாபாரம். மற்றவர் அவருடைய அக்காள் புருஷன், ஜீப் கம்பெனி காக்கிச் சட்டையில் இருந்தார்.

"ஷோரூம்ல பானட்டத் தொறக்கச் சொல்லி, இதுல எங்க அத்தான் எந்த இடத்துல இருக்காவன்னு கேட்டேன்," என்றார் இளையவர். நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"பானட்ல ஏம்ல தேடுத? நான் வெட்டுதது கியரு. அது அடியில கியர் பெட்டிக்குள்ளல்லா கெடக்கும்."

"மிலிட்டரி ஏலத்துல அசல் அமெரிக்கா ஜீப்பே கெடைக்கும்னு எல்லாரும் சொன்னாவ. நான் இங்க செஞ்சதத்தான் வாங்குவேன்னு புக் பண்ணிட்டேன்."

"எதுக்குல?"

"அக்காவ உங்களுக்குக் குடுக்கும்போது, எண்ணெயில கைய முக்குதவனுக்கா எம்பொண்ணுன்னு அப்பா மூணு நாள் சாப்பிடல. இப்ப அவர முன்சீட்டுல உக்கார வச்சு ஊருக்குள்ள ஓட்டப் போறேன். கியர் மாத்துதப்பல்லாம் சொல்லுவேன், இது அத்தான் வெட்டினதுன்னு."

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "புது வண்டி. மொதல்ல மெதுவா ஓட்டு," என்றார்.

குர்லா வந்தது. மச்சினன் தோளைத் தொட்ட பிறகுதான் அவர் எழுந்தார்.