ஐந்து மணிக்கு ஒன்பதாம் லைனில் நிற்க வேண்டிய லவினா அம்மையாருக்கு

கால் ஓயாத கள ஆய்வாளரே! காட்டுப்பூனையின் தடத்தையும் வீட்டுப்பூனையின் வழியையும் ஒரே வரைபடத்தில் வரைந்து காட்டிய வித்தகரே! நந்திதுர்க் வனப்பூனை ஆய்வு நிலையத்தின் நடமாடும் நினைவேடே! பணி நிறைவு காணும் பெருமாட்டியே! வணக்கம்.

இம்மடல் நேற்றே எழுதப்பட்டது. ஆயினும், மாலை சூட்டி அமர்த்திய நாற்காலியின் நுனியில்தான் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள் என்றும், சுவர்க் கடிகாரத்தை இதற்குள் நான்கு முறை பார்த்திருப்பீர்கள் என்றும் பந்தயம் கட்டியே எழுதுகிறோம். காரணம் எங்களுக்குத் தெரியும், சபைக்குத் தெரியாது. எனவே புகழ்மொழியைச் சற்றே நிறுத்தி, உங்கள் கதையைச் சபையோருக்குச் சொல்லிவிடுகிறோம், பொறுத்தருள்க!

சபையோரே! இருபத்தாறு ஆண்டுகளில் இந்த அம்மையார் உட்கார்ந்து சாப்பிட்டதைக் கண்டவர் எவருமில்லை. பேத்தமங்களா ஏரிக் கோரையிலிருந்து, சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுப் புதர்வரை காட்டுப்பூனை கால்வைத்த இடமெல்லாம் இவரும் கால்வைத்தார். வரைபடத்தில் அதற்குச் சிவப்புப் புள்ளி, வீட்டுப்பூனைக்கு நீலப் புள்ளி. இரண்டும் கலக்கும் இடத்தில் நோய் தொற்றும், இரை குறையும், இனமும் கலந்துபோகும். அந்த இடத்தைக் கண்டறிவதே இவர் வேலை.

சென்ற ஆண்டு, புதரை ஒட்டிய, சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசைகளான ஒன்பது லைன்களிலும் வீடு வீடாகக் கதவு தட்டி, "உங்க ஊட்ல பூனை கீதா?" என்று கேட்டார். முந்நூற்று நாற்பது வீடுகள் "கீது" என்றன. முந்நூற்று நாற்பது பூனைகள் என்று எழுதிக் கையெழுத்திட்டார். படம் முழுக்க நீலம்! மேலிடம் பதறியது. லைன் பூனைகளையெல்லாம் கூண்டில் பிடித்து வெளியூருக்கு அனுப்ப உத்தரவு வந்தது. வண்டி வரும் திங்கட்கிழமை வருகிறது.

யானைக்கும் அடி சறுக்கும் அல்லவா? இரண்டு வாரங்களுக்கு முன், பூனை போகும் வழியைக் காட்டும் கழுத்துப்பட்டைகள் வந்தன. முதல் பட்டையை ஈவ்லின் வீட்டு ஜூலிக்குக் கட்டினார். மறுநாள் மூன்று வீடு தள்ளி, பாப்பம்மா வீட்டு ராஜாவுக்குக் கட்டப் போனார். ராஜா சோம்பல் முறித்துக்கொண்டு வந்தது. அதன் கழுத்தில் நேற்றுக் கட்டிய பட்டை!

"இன்னா பாப்பம்மா, இது ஈவ்லின் ஊட்டு ஜூலி இல்ல?"

"ஜூலியாவது கீலியாவது! இது எங்க ராஜா. காலைல எங்க பாலைக் குடிச்சிட்டுத்தான் வெளிய போவும்."

ஈவ்லின் வெளியே வந்துவிட்டார். "ராஜாவா? அது பொட்டை, பாப்பம்மா. போன வருசம் எங்க அரிசி மூட்டை மேலதான் குட்டி போட்டுச்சி."

எதிர்வீட்டு நாகேஷ் விடுவாரா? "ரெண்டு பேரும் சும்மா கீறீங்களா? மத்தியானம் மீனுக்கு எங்க ஊட்டுக்குத்தான் வரும். அது பேரு டைகர்."

வீடு மூன்று, பெயர் மூன்று, பூனை ஒன்று. எல்லோரும் சிரித்தார்கள், அம்மையார் சிரிக்கவில்லை. "ஐயோ, நான் ஊட்டை எண்ணிட்டேன், பூனையை எண்ணல" என்றார். தன் கையெழுத்தால் அல்லவா கூண்டு வருகிறது!

நிலையத் தலைவர் உதய், "ரெண்டு வாரத்துல ரிட்டயர்மெண்ட், மேடம். நல்ல பேரோட போங்களேன்" என்றார், அக்கறையோடுதான்.

"நான் பேரோட போயிடுவேன். பூனைங்க கூண்டுல போவுமே?" என்றார் அம்மையார். அன்றே தம் பிழையை ஒப்புக்கொண்டு மேலிடத்துக்கு எழுதினார். பதில் வந்தது: எண்ணிக்கை குறைவென்றால் தடுப்பூசியும் கருத்தடையும் போதும், கூண்டு வேண்டாம். ஆனால் ஒன்பது லைன்களையும் எண்ண வேண்டும். திருத்தத்தில், முன்பு கையெழுத்திட்டவரே பணியில் இருக்கும்போது கையெழுத்திட வேண்டும்.

பிறகு இவர் கண்ட வழியைக் கேளுங்கள்! மாலை ஐந்து மணிக்கு ஒரு லைன் முழுவதும் அவரவர் பூனையைப் பிடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் வாசலில் நிற்க வேண்டும். ஒரு பூனை ஒரே நேரத்தில் இரண்டு வீட்டார் கையில் இருக்க முடியாதே! ஐந்தாம் லைனில் ஒரு பூனைக்குத் தலைப்பக்கம் ஒருவரும் வால்பக்கம் ஒருவருமாக நின்று வழக்காடிய கதை தனி. நாளுக்கு ஒரு லைன், நடுவில் மழை தின்ற நாட்கள் வேறு. எட்டு லைன்களில் முந்நூற்றிரண்டு என்று எழுதியிருந்த பூனைகள் தொண்ணூற்று நான்காகிவிட்டன. ஒன்பதாம் லைன் மட்டும் இன்னும் எண்ணப்படவில்லை. இவர் கையெழுத்துக்கு மதிப்பு இன்று ஐந்தரை மணிவரைதான். ஜூலியின் கதியும் ராஜாவின் கதியும் டைகரின் கதியும் அதுவரை மதில்மேல்தான்.

அம்மையாரே! இந்த விழாவே வேண்டாம் என்றீர்கள். நாங்கள் கேட்கவில்லை, மன்னியுங்கள். உங்களை வாழ்த்தாமல் அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. உங்களுக்குப் பரிசளிக்க நாங்கள் சட்டமிட்ட வரைபடத்தின் அடியில் நீங்கள் எழுதிய "முதல் எண்ணிக்கை பிழை, பிழை என்னுடையது" என்ற வரியை அழித்துவிடலாமா என்று யோசித்தோம். பின்னர் வெட்கப்பட்டு அப்படியே விட்டோம். எங்கள் பெயர்களையும் அதன் கீழேயே எழுதியிருக்கிறோம்.

நோயின்றி நூறாண்டு வாழ்க என்று நீண்ட பத்தியொன்றும் இருந்தது. இதுவரை படித்து முடிக்க மணி நாலே முக்கால் ஆகிவிடும் என்று, இதை வாசிக்கும் சுனிதா ஒத்திகை பார்த்துச் சொன்னதால், அதை அடித்துவிட்டோம். மாலையைக் கழற்றி எங்களிடம் கொடுங்கள். ஜீப் வாசலில் நிற்கிறது, பதிவேடும் பேனாவும் முன்சீட்டில் இருக்கின்றன. ஒன்பதாம் லைனில் முப்பத்தெட்டு வீட்டாரும் பூனையும் கையுமாக நிற்பார்கள். நீடு வாழ்க, அம்மையாரே! இப்போது எழுந்திருங்கள்!

உங்களோடு வண்டியில் ஏறும்,
வனப்பூனை ஆய்வு நிலையப் பணியாளர்கள்,
நந்திதுர்க், கோலார் தங்க வயல்