இடது பக்கத் தெப்பம்

கிட்டே வந்து உட்கார் கண்ணு. நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள். ரப்பர் மடிக்கும்போது தூவுகிற மாவு வருடக்கணக்காகத் தொண்டையில் படிந்து, என் குரல் இவ்வளவுதான் எழும்பும். உனக்கு ஒரு கதை சொல்கிறேன். நடந்த கதை. நீ எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். நடுவில் உன் போன் அடித்தால் எடுத்துப் பேசு, நான் தப்பாக நினைக்க மாட்டேன். நேற்றும் அடித்தது. "இப்ப எந்தத் துறைமுகம்? சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாய். கப்பலில் ஆள் இருக்கிற வீட்டில் எல்லோரும் அதே இரண்டு கேள்விதான் கேட்கிறோம்.

கப்பலின் மேல்தட்டில் இரண்டு பக்கமும் வெள்ளையாக, உருளையாக ஒரு பீப்பாய் படுத்துக்கிடக்கும், பார்த்திருப்பாய். அதற்குள் ரப்பர் தெப்பம் மடங்கி இருக்கிறது. கப்பல் மூழ்கும்போது அதைக் கடலில் தள்ளிக் கயிற்றைச் சுண்டி இழுத்தால், உள்ளே இருக்கும் சிலிண்டர் வாயுவைக் கக்கும். ஓடு இரண்டாகப் பிளக்கும். பன்னிரண்டு பேர் உட்காரக் கூரையோடு ஒரு வீடு தண்ணீரில் எழுந்து நிற்கும். வருடத்துக்கு ஒருமுறை அதைக் கரைக்குக் கொண்டுவந்து பிரிக்க வேண்டும். காற்றடித்து, மணிக்கணக்கில் விட்டு, ஒட்டு விட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, சிலிண்டரை எடை போட்டு, தண்ணீர்ப் பையும் வெளிச்சக் குச்சியும் மாற்றி, மறுபடி மடிக்க வேண்டும். எந்தக் கொடி பறக்கிற கப்பலானாலும் இதுதான் விதி. நாடுகள் எல்லாம் கூடி எழுதியது. நல்ல விதி. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

துறைமுகத்துச் சோதனை அதிகாரி பீப்பாயைத் திறக்க மாட்டார். திறந்தால் மறுபடி கரைக்கு அனுப்ப வேண்டும், கப்பல் நிற்க வேண்டும். அதனால் ஓட்டின்மேல் ஒட்டியிருக்கும் தேதியைப் பார்ப்பார், முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார், தலையாட்டுவார். தேதி தாண்டியிருந்தால் கப்பலை நகர விடமாட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்பது மடித்தவளுக்கு மட்டும் தெரியும்.

மடித்தவள் நான்தான். முப்பத்தொரு வருடம். தெப்பம் பிரித்து மடிக்கிற எங்கள் கம்பெனிக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது, வெயில் பட்டால் ரப்பருக்கு ஆகாது என்று அடைத்துவிட்டார்கள். தெப்பத்தைத் தூக்கி வைக்க இரண்டு ஆட்கள் வருவார்கள், வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மடிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வேன். நாலு கால் பிராணி மாதிரி ரப்பர்மேல் தவழ்ந்து தவழ்ந்து காற்றை வெளியேற்ற வேண்டும். அதை யாரும் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. எனக்கு மடிப்பம்மா என்று பெயர். கப்பல்காரர்கள், "மடிப்பம்மா கை பட்டதுதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துப் போவார்கள்.

விதியில் இல்லாத வேலை ஒன்றும் செய்வேன். ஒவ்வொரு தெப்பத்துக்குள்ளும் ஒரு சீட்டு எழுதி வைப்பேன். "பயப்படாதே கண்ணு. வாந்தி மாத்திரையை உடனே போட்டுக்கொள். முதல் நாள் தண்ணீர் குடிக்காதே. யாராவது அழுதால் அவர் பக்கத்தில் போய் உட்கார். உன்னைத் தேடி வந்துகொண்டிருக்கிறார்கள்." கீழே மடித்த தேதி. அதோ, உன் மேசையில் பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றனவே, அந்த இரண்டும் என் கையெழுத்துதான். நீ கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றில் இந்த வருடத்துத் தேதி. இன்னொன்றில் ஏழு வருடத்துக்கு முந்திய தேதி. இரண்டும் ஒரே கப்பலுடையவை.

எப்படி ஆரம்பித்தது என்றால், ஒரு நாள் மூன்று கப்பல் ஒன்றாக வந்து நின்றன. ஆறு தெப்பம், மூன்றே நாள். மேனேஜர் வந்து, "அம்மா, எப்படியாவது பாத்துக்கோங்க" என்றார். எப்படியாவது என்றால் என்ன அர்த்தம்? ஒரு நாளைக்கு ஒரு தெப்பம்தான் என் முட்டி தாங்கும். அதனால் ஒரு கப்பலுக்கு ஒன்று பிரித்து மடித்தேன். மற்றதைப் பிரிக்கவில்லை. பீப்பாயை நன்றாகத் துடைத்து, புதுத் தேதி ஒட்டி, புது முத்திரை போட்டேன். நான் ஒட்டினால் மேனேஜர் சான்றிதழில் கையெழுத்துப் போடுவார்.

அடுத்த வருடமும் அதே கப்பல்கள் வந்தன. போன வருடம் பிரிக்காததை இந்த வருடம் பிரித்தால், உள்ளே பழைய சீட்டு, பழைய தண்ணீர்ப் பை. குப்பையில் போடப் போனால் யாராவது தேதியைப் பார்ப்பார்கள். அதனால் பிரிக்கவில்லை. அப்புறம் பிரிக்கவே முடியாமல் போய்விட்டது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குக் கிடைத்தது, விழுங்கத்தான் முடியவில்லை.

ஆனால் நான் மனம்போன போக்கில் செய்யவில்லை. எங்கள் துறைமுகத்தில் கப்பல் இடது பக்கத்தைக் கரையோடு ஒட்டி நிற்கும். இடது தெப்பம் முதலில் இறங்கும், அதை முதலில் மடிப்பேன். எந்தக் கப்பலானாலும் இடது பக்கம் சுத்தம். ஒரு தடவைகூட மாற்றியதில்லை. முறையில்லாமல் எனக்கு எதுவும் வராது.

யாரும் குறை சொல்லி வரவும் இல்லை. அதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். தெப்பம் திறந்தால் நன்றி சொல்ல வருவார்கள். திறக்காவிட்டால் யார் வருவார்கள்?

என் மாப்பிள்ளை கப்பலில் சமையல்காரர். வாய் ஓயாத ஆள். "உங்க பொண்ணு சமையலுக்குப் பயந்துதான் அத்தை நான் கடலுக்குப் போறேன்" என்பார். "போங்க, போய் மீனுக்கு வடிச்சுக் கொட்டுங்க" என்பாள் என் மகள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். மாப்பிள்ளைக்கு ஒரு புதுக் கப்பலில் இடம் கிடைத்தது. பெயரைச் சொன்னார். என் கூடத்துக்கு ஏழு வருடமாக வருகிற கப்பல்.

அன்று முழுக்க யோசித்தேன். சொல்லலாம். இந்தக் கப்பலின் வலது தெப்பத்தைப் பிரித்துப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை. ஆனால் அதைப் பிரித்தால் எல்லாவற்றையும் பிரிப்பார்கள். ஒரு மடிப்பு கலைந்தால் மொத்தமும் கலையும், அது எந்த மடிப்பம்மாவுக்கும் தெரியும். மாப்பிள்ளையைப் போகாதீர்கள் என்றால் ஏன் என்று கேட்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

கிளம்புகிற காலையில் வாசற்படியில் நிறுத்திச் சொன்னேன்.

"மாப்பிள்ளை, எது நடந்தாலும் இடது பக்கத் தெப்பத்துக்குத்தான் போகணும்."

"ஏன் அத்தை, வலது பக்கம் உங்களோட சண்டையா?"

"இடது பக்கத்த நான் கொஞ்சம் பாத்து மடிச்சிருக்கேன். அவ்வளவுதான்."

"அப்ப வலது பக்கத்த கண்ண மூடிட்டு மடிச்சீங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் மாதம் சரக்கு சரிந்து கப்பல் வலது பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் கடல் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கேப்டன் எல்லோரையும் அங்கே போகச் சொன்னார். அவர் சொன்னது சரி, எந்தக் கேப்டனும் அதைத்தான் சொல்வார். மாப்பிள்ளை மட்டும் சாய்ந்த தட்டில் கம்பியைப் பிடித்து இடது பக்கம் ஏறியிருக்கிறார். "இங்க வாங்க, இங்க வாங்க" என்று கத்தியிருக்கிறார். இரண்டு பேர் வந்தார்கள். எட்டுப் பேர் வரவில்லை. அந்த எட்டுப் பேரும் கயிற்றை இழுத்தார்கள். சிலிண்டரில் ஓடு பிளக்கிற அளவுக்குத்தான் வாயு மிச்சமிருந்தது. ஓடு பிளந்து, நனைந்த மெத்தை மாதிரி ரப்பர் வெளியே விழுந்தது. அவர்கள் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்ததாக மாப்பிள்ளை சொன்னார். ரொம்ப நேரம்.

வீட்டுக்கு வந்தவர் குழந்தையைத் தூக்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அத்தை என்று சொல்லவில்லை. என் மகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய்த் துணிமணிகளை மூட்டை கட்டினாள். குழந்தையை நான் இன்னும் மடியில் வாங்கவில்லை. மாப்பிள்ளை உன்னிடம் வந்து புகார் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. என் பேச்சைக் கேட்டதால்தான் அவர் உயிரோடு வந்து சொல்ல முடிந்தது. அதையும் நீ எழுதிக்கொள்.

ஒன்று விட்டுப்போயிற்று. மேனேஜர் "எப்படியாவது" என்றார் என்றேன் இல்லையா? அதோடு அவர் நிறுத்தவில்லை. "இன்னும் ரெண்டு பேர வேலைக்குப் போடட்டுமாம்மா? நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுங்க, முட்டிய ஏன் கெடுத்துக்கறீங்க" என்றார். வேண்டாம் என்றது நான். என் மடிப்பு இன்னொரு கைக்கு வராது என்றேன். அவர் அதற்குப் பிறகும் வருடா வருடம் கேட்டார். பாவம், அவருக்கு எதுவும் தெரியாது. அவரை விட்டுவிடு.

எத்தனை கப்பல் என்று கேட்கிறாய். நாற்பதுக்குமேல் இருக்கும். பெயர் எல்லாம் ஞாபகமில்லை. எங்கெங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் கண்டுபிடிப்பது சுலபம் கண்ணு, நான்தான் முறையோடு செய்திருக்கிறேனே.

ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டாய்? உன் வீட்டுக்காரருக்குப் போன் போடு. போடு, நான் காத்திருக்கிறேன். கப்பல் முழுக்கச் சொல்ல வேண்டாம், வீணாகப் பதறுவார்கள். இடது பக்கம் என்று அவரிடம் மட்டும் சொல்லிவை. போனவர் சுகமாகத் திரும்பட்டும். உன் வீட்டில் விளக்கு அணையாமல் எரியட்டும், தாயே.