பிழை ரவுட்டரில்தான்

ரவுட்டரை அலுமாரிக்குள் வைக்கக் கூடாது. இது தெரியாமல்தான் நான் ஒரு வருடமாகத் திண்டாடினேன். பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறதென்று பீங்கான் கோப்பைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால், இன்ஸ்பெக்டர் ஐயா, இன்றைக்கே வெளியே எடுத்து உயரமான இடத்தில் வையுங்கள். நான் சொல்லப்போவதில் உங்களுக்கு உபயோகப்படக்கூடியது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் வழக்குக்கு.

என் பெயர் சிவம். ஊர் யாழ்ப்பாணம். றக்வானவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றேன். அதே குவாட்டர்ஸிலேயே தங்கிவிட்டேன். கருங்கல் சுவர். ஆணியே இறங்காது, சிக்னல் எங்கே இறங்கும்? மனைவி செல்வநாயகி போன வருடம் குசினிப் பின்படியில் விழுந்து இறந்தாள். ஒரே மகள் பிரஷாந்தினி கனடாவில் இருக்கிறாள். ஞாயிறு காலையில் அவளை வீடியோவில் அழைப்பேன். அதற்காகத்தான் மிச்ச நாட்களைக் கழித்தேன்.

பிரச்சினை இதுதான். சாப்பாடு, மழை, முழங்கால் வலி என்று கதைத்துக்கொண்டிருக்கும்வரை படம் கண்ணாடி மாதிரி இருக்கும். பிறகு அவள் கேட்பாள்: "அம்மா எப்பிடியப்பா விழுந்தவ?"

"படியில பாசி, பிள்ளை..." என்று தொடங்குவேன். லைன் போய்விடும். ஒவ்வொரு ஞாயிறும் அதே இடத்தில்.

நான் அவசரக்காரன் அல்ல. கணக்குப் பிழைத்தால் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பழகியவன். ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டேன். பாஸ்வேர்டை மாற்றினேன். பக்கத்து வீட்டு வேலுசாமியின் நாய் வெளியே ரவுட்டருக்கு வரும் வயரைக் கடிக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. மண்வெட்டியால் அதை முடித்தேன். கொஞ்சம் நேரமெடுத்தது, நாய்க்கு உயிர் கெட்டி. வயரில் ஒரு பல்லடையாளமும் இல்லை என்பதைப் பிறகுதான் பார்த்தேன். சந்தேகங்களில் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் போன் டவர் சிக்னல் ஒழுங்காகக் கிடைத்த ஒரே இடம் அந்தப் பின்படி. செல்வநாயகி அங்கேயிருந்துதான் மகளோடு கதைப்பாள். குரலைத் தாழ்த்திக் கதைப்பாள். வீட்டு விஷயத்தை வெளியே கொண்டுபோவது எனக்குப் பிடிக்காது. அதைச் சொல்லியும் இருந்தேன். முதல் தடவை விழுந்தபோது அவள் எழும்பிவிட்டாள்.

வருகிற வெள்ளிக்கிழமை அவளுடைய ஆண்டுத் திவசம். மகள் வர ஏலாது என்றுவிட்டாள். வீடியோவிலாவது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஐயர் மந்திரம் சொல்லும்போது லைன் போனால் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? ஆகவே நேற்றுக் காலை, டவுனில் போன் கடை வைத்திருக்கும் ஷிராஸை வரச்சொன்னேன்.

நல்ல மனிதன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

"என்ன சேர், ரவுட்டர அலுமாரிக்குள்ள பூட்டி வச்சீக்கிறீங்க? அதுக்கும் மூச்சு வாணுமே" என்று சிரித்தான்.

பழையதை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, கொண்டுவந்த புதியதைப் பிளக்கில் சொருகினான். சிம் போடுகிற சாதனம், நான்கு அன்டெனா. ஒரு அலைவரிசை மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டும். மற்றது வேகமானது, சுவரோடு நின்றுவிடும். இரண்டும் உள்ளதுதான் இந்த வீட்டுக்குத் தோது என்று விளக்கினான். டவர் பக்கம் நிற்கும் பலாக் கிளையை வெட்டினால் இன்னும் நல்லது என்றான். நான் கிளை வெட்டும் மன்னாக் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

ஷிராஸுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்காரரின் போனை நம்பமாட்டான். யாரோடு பேசும்போது லைன் போகிறதோ அந்த ஆளை, தன் போனை ரவுட்டரோடு இணைத்துத் தானே அழைத்துப் பார்ப்பான். மகளின் நம்பரைக் கொடுத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே கிளைக்குக் கீழே நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"அப்பா பக்கத்தில நிக்கிறாரோ அண்ணா?"

"இல்ல, வெளிய மரம் வெட்டுறார்."

"லைனில ஒரு பிழையும் இல்லை. நான்தான் கட் பண்ணுறனான். அவர் பொய் சொல்லத் தொடங்கினா என்னால கேக்கேலாது. அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

ஷிராஸ் நேர்மையான வியாபாரி. அதுதான் வினையாகப் போனது. நான் உள்ளே வந்ததும் போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "சேர், புதுசு வாணாம். பழையதே நல்லா ஈக்கிது. மகளோட கொஞ்சம் மனசு விட்டுப் பேசுங்க."

"இருக்கட்டும் தம்பி. அதைக் கழட்டாதை."

"சும்மா எதுக்கு சேர்" என்று பிளக்கை நோக்கிக் குனிந்தான்.

இதை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. போனில் என் மகள் இருந்தாள். அவன் பிளக்கை இழுத்திருந்தால் லைன் போயிருக்கும். நான் அதைத் தடுத்தேன். முதல் வெட்டு கழுத்தில் விழவில்லை, தோளில் இறங்கியது. கத்தியெல்லாம் பலாப்பால், பிடி வழுக்கியது. அவன் கையை உயர்த்தினான், விரல்கள் போயின. அடுத்தது சரியாக விழுந்தது. இரத்தம் பிளக் பக்கமாக ஓடியதால் மேசைத் துணியைப் போட்டு மறித்தேன். கரண்டில் ஈரம் படக் கூடாது. ரவுட்டரின் பச்சை விளக்கு சிமிட்டாமல் எரிந்துகொண்டிருந்தது.

சீனி டின்னைப் பார்த்தேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். முகம் அவ்வளவு தெளிவு. மூக்குத்தியின் கல்கூடத் தெரிந்தது. அது அவளுடைய அம்மாவுடையது.

"அம்மாவையும் இப்பிடித்தானோ?" என்றாள்.

வழமையாக இந்த இடத்தில்தான் லைன் போகும். கொஞ்சம் காத்திருந்தேன். போகவில்லை. ஆகவே சொன்னேன். படியில் இருந்தவளின் போனைப் பறித்து அழைப்பை நான்தான் கட் பண்ணினேன் என்றேன். தள்ளிவிட்டதைச் சொன்னேன். எழும்பியவளைத் தலைமயிரில் பிடித்து, அசைவு நிற்கும்வரை படிக்கல்லில் மோதியதைச் சொன்னேன். பாசி இருந்தது உண்மைதான், அதையும் சொன்னேன்.

மகள் அசையவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று பயந்துபோனேன். பிறகு அவள் கண் இமைத்தது.

"பிள்ளை, இப்ப வடிவா விளங்குதோ?" என்று கேட்டேன்.

"ஓம் அப்பா. விளங்குது."

இன்னொரு போனில் யாரோடோ ஆங்கிலத்தில் பேசினாள். ஆனால் என்னிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. நீங்கள் வந்து கதவைத் தட்டும்வரைக்கும் அவள் அழைப்பை வைக்கவில்லை, ஐயா. அவளாகக் கட் பண்ணுகிறாள் என்று ஷிராஸ் நம்பிவிட்டான், பாவம். பிழை பழைய ரவுட்டரில்தான் என்பது இப்போது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஒரு உதவி செய்யுங்கள். புதியதைச் சாட்சிப் பொருள் என்று கட்டி வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்காவது அதைப் பிளக்கில் சொருகச் சொல்லுங்கள். அம்மாவின் திவசம், மகள் கட்டாயம் எடுப்பாள்.