பெட்ரோல் அறையில் ஷட்டரை இறக்கியது குறித்து

என் பெயரும் வீட்டு முகவரியும் இந்த வாக்குமூலத் தாளின் மேற்பகுதியில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்து நான்கு. வாகனப் புகைப் பரிசோதனை நிலையத்தில் மூத்த பரிசோதகராக வேலை செய்கிறேன். இறந்துபோனவன் என் மனைவியின் தம்பி. என் சிபாரிசில்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்தான். நிலைய முதலாளியின் மேல் புகார் கொடுத்திருப்பது என் மனைவி.

எங்கள் நிலையத்தில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். ஒன்று டீசல் கார்களுக்கு, மற்றது பெட்ரோல் கார்களுக்கு. நடுச்சுவரில் திறக்க முடியாத கண்ணாடிச் சன்னல் ஒன்று உண்டு. டீசல் காரில் புகை எவ்வளவு கறுப்பு என்று அளப்போம். பெட்ரோல் காரில் அப்படிக் கறுப்புப் புகை வராது என்பதால் சைலன்சரில் ஒரு குழாயைச் செருகி, கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம் என்று திரையில் பார்ப்போம். அந்த வாயுவுக்கு நிறமும் வாடையும் கிடையாது, மூடிய இடத்தில் ஆளைக் கொல்லும், டீசலைவிடப் பெட்ரோலில் அது பல மடங்கு அதிகம் என்று பயிற்சியில் சொன்னார்கள். பரீட்சையில் அதை எழுதித்தான் நான் தேறினேன். அப்படியிருந்தும் புகையை வெளியே தள்ளும் பெரிய குழாயும் காற்றாடியும் டீசல் அறையில் மட்டும்தான் இருந்தன. பெட்ரோல் அறைக்கும் போடலாமா என்று பேச்சு வந்தபோது முதலாளி, "இல்லாத புகைக்கு எதுக்குய்யா குழாய்?" என்றார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மைத்துனன் முதலில் டீசல் அறையில்தான் இருந்தான். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கரியாக வரும். கூட வேலை செய்பவர்கள் காக்கா என்று கூப்பிடுவார்கள், அவனும் கோபித்துக்கொள்ளாமல் கா கா என்று பதில் கொடுப்பான். அதன் பிறகு இருமல் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "தம்பி நெஞ்சு பூரா கரி. நீங்க அங்க பெரிய ஆளா இருந்து என்ன பிரயோஜனம்?" என்று என் மனைவி பிடுங்கி எடுத்தாள். அதன் பிறகு நான் முதலாளியிடம் பேசி அவனைப் பெட்ரோல் அறைக்கு மாற்றிவிட்டு, டீசல் அறைக்கு நான் போனேன். முதல் நாள் சட்டை கசங்காமல் வீட்டுக்கு வந்து, "மாமா, மாப்பிள்ளைக் களை வந்துடுச்சு, பொண்ணு பாருங்க" என்றான். என் மனைவி அன்று அவன் சட்டைக் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

சம்பவ தினத்தன்று மதியத்துக்குமேல் காற்றோடு மழை பிடித்துக்கொண்டது. அவனிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் வந்திருந்தது. அளவு கூடிப்போய் அது தேறவில்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் மறுபடி அளக்கலாம் என்று ஓடவிட்டு, காருக்குள் உட்கார்ந்திருந்தான். சாரல் கருவியின் மேல் அடித்தது. கருவி நனைந்தால் முதலாளி என்னைத்தான் பிடிப்பார் என்பதால் நான் போய் ஷட்டரைத் தரைவரை இறக்கினேன். "மாமா, எஞ்சின் ஓடுதே" என்றான். "டீசலா என்ன, கண்ணு எரியறதுக்கு? உக்காருடா" என்றேன்.

அதன் பிறகு என் அறையில் ஒரு டீசல் வேனை அளந்தேன். அது கக்கிய புகையில், காற்றாடி ஓடியும் கண் எரிந்து, வெளியே ஓடி மழையில் நின்றேன். அதன் பிறகு உள்ளே வந்து நடுச்சுவர்க் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தேன். இருக்கையில் தலையைச் சாய்த்திருந்தான். கன்னம் சிவந்து, முகம் நல்ல நிறமாக இருந்தது. இருமவில்லை. பாவம், கண்ணயர்ந்துவிட்டான், கொஞ்சம் தூங்கட்டும் என்று எழுப்பாமல் அடுத்த வண்டியைக் கூப்பிட்டேன். அப்போது அவனுக்கு உயிர் இருந்ததா என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. டாக்டராலும் சொல்ல முடியவில்லை. இனித் தெரியப்போவதும் இல்லை.

மழை விட்டதும் காருக்கு உரியவர் வந்து கேட்க, ஷட்டரைத் தூக்கினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. புகை என்று எதுவும் கண்ணில் படவில்லை. தோளைத் தொட்டதும் பக்கவாட்டில் சரிந்தான். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வரும்போதே உயிர் இல்லை என்றார்கள். கன்னம் சிவந்திருந்தது அந்த வாயுவால்தான் என்றார்கள்.

அதன் பிறகு வீட்டில், "நடுவுல ஒரு தடவை எட்டிப் பாத்திருக்கக் கூடாதா?" என்று என் மனைவி கேட்டாள். வேலை மும்முரத்தில் பார்க்கவில்லை என்றேன். பாவி என்று சொல்லி என் கன்னத்தில் அறைந்தாள். பார்க்காததற்கு அந்த அறை. இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். புகார் கொடுத்தவள் என்பதால் இதன் நகல் அவள் கைக்குப் போகும் என்று சொன்னீர்கள். போகட்டும். அவளிடம் சொன்னது பொய். ஷட்டரை இறக்கியது, கண்ணாடி வழியாகப் பார்த்தது, எழுப்பாமல் வந்தது என்று இங்கே சொன்னதெல்லாம் உண்மை. எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள், கேட்டுக்கொண்டேன். மாற்றுவதற்கு ஒன்றுமில்லை.

(கையொப்பம்)