இரண்டாம் குழாயில் காற்று

டீயை அப்படியே வையுங்கள், ஐயா. ஆறின பிறகுதான் குடிப்பேன். சூடாக எதையும் தொட இப்போது பிடிப்பதில்லை.

சாய ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். அங்கே இரண்டு தொட்டிகளிலிருந்து இரண்டு எஃகுக் குழாய்கள், அமிலம் கலந்த சுடுநீரைக் கொண்டுபோகும். ஒரே நாளில் வாங்கியவை, ஒரே கனம். அமிலம் எஃகை அரிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நீரில் ஆக்சிஜனும் கரைந்துவிட்டால் அரிப்பு பல மடங்காகும் என்பது அவ்வளவாகத் தெரியாது. அதற்காகத்தான் தொட்டிகளுக்குள் காற்று புகாமல் நைட்ரஜனை நிரப்பிவைப்போம்.

ஆக்சிஜனை அளக்க ஒரு மீட்டர் வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டேன். மேலாளர் சிரித்தார்.

"அமிலம் திங்கிறது போதாதா? காத்து வேற திங்குமாக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கோபக்காரன் இல்லை. பேசி ஆகாததை அளந்து காட்டலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். மறுநாள் காலை இரண்டாம் தொட்டியின் நைட்ரஜனை அடைத்துவிட்டு, காற்று வால்வை அரைச் சுற்று திறந்தேன். முதல் தொட்டியைத் தொடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமே.

திங்கட்கிழமைதோறும் குழாய்ச் சுவர்களின் கனத்தை வெளியிலிருந்தே ஒரு கருவியை வைத்து அளந்தேன். இரண்டும் ஏழு மில்லிமீட்டரில் தொடங்கின. ஆறு மாதத்தில் முதல் குழாய் அரை மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. இரண்டாவது நாலுக்கு வந்தது, பிறகு இரண்டுக்கு.

இரண்டாம் குழாயின் அடியில்தான் ஃபிட்டரின் மேசை. அவனை மீசை என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் கூட்டத்தில் சிரிக்காதவன் அவன் ஒருவன். ஸ்பானரால் குழாயைத் தட்டிப் பார்ப்பது அவன் பழக்கம். இரண்டு தட்டு, சற்று நிறுத்தி இன்னொன்று.

"சத்தம் மாறிப்போச்சு சார். உள்ள இளைச்சிருக்கும் போல. மாத்திடலாமா?"

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"நீங்க சொன்னா சரி. மேசைய மட்டும் அந்தப் பக்கம் தள்ளிக்கவா?"

மேசை நகர்ந்தால் ஏன் என்று கேட்பார்கள். "எதுக்கு வீண் வேலை" என்றேன். அன்று காலைதான் கருவி ஒரு மில்லிமீட்டர் காட்டியிருந்தது. இன்னும் ஒரே ஒரு அளவு எடுத்தால் அட்டவணை முழுமையாகிவிடும்.

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்குக் குழாய் வெடித்தது. நான் அந்தப் பக்கம் இல்லை. மூன்று வாரமாகவே சுற்றுவழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தேன். ஏன் என்று நான் யோசித்ததில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் குழாயைத் திறந்தால் சுவருக்குள் தட்டுகிற சத்தம். இரண்டு தட்டு, சற்று நிறுத்தி இன்னொன்று. "உனக்குக் கேக்கலையா?" என்று மனைவியிடம் கேட்பதை நிறுத்திவிட்டேன். காதை வைத்துக் கேட்டால் இடம் மாறி மாறித் தட்டுகிறான். மெலிந்த இடத்தைத் தேடுகிறான்.

சாவு வீட்டில் மேலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதான்" என்றார். பக்கத்தில் மீசையின் மனைவி கதறிக்கொண்டிருந்தாளாம். அந்த நேரத்தில் எனக்கு அது கேட்கவே இல்லை.

வெடிக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் அடியில் உட்கார்ந்திருப்பான் என்றும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள். முதல் குழாய் இன்னும் கெட்டியாக இருக்கிறது. அதனடியில் நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டவனும் நான்தான், ஐயா. அதையும் சேர்த்து எழுதுங்கள்.