வாசலிலிருந்து எடுத்த செருப்பு

மேலே குறித்த பெயரும் தகப்பனார் பெயரும் என்னுடையவையே. வயது இருபத்தாறு. கடலோரக் குடியிருப்பில் மூன்றாம் தெரு பதினொன்றாம் எண் வீட்டில் அம்மாவுடன் வசிக்கிறேன். நூலகத்தில் புத்தகங்களுக்குப் பட்டியல் எழுதும் வேலை பார்க்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. எங்கள் குடியிருப்பின் தச்சரை நேற்றுக் காலை முதல் இந்தக் காவல் நிலையத்தில் வைத்திருப்பதாக அறிந்து, பத்தொன்பதாம் எண் வீட்டுப் பின்கட்டில் நர்ஸ் அக்கா உள்ளே இருக்கும்போதே கதவுக்குப் பலகை அடிக்கப்பட்டது எப்படி என்று சொல்வதற்காக நானே வந்தேன்.

புயல் மாலையில் கரையைக் கடக்கும் என்று சொல்லப்பட்ட அன்று காலை ஏழு மணிக்கு, குடியிருப்போர் சங்கத் தலைவர், முகாமுக்கு மூன்று மணிக்குப் பஸ் என்று சொல்லி, எங்களுக்கு வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார். அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மொத்தம் முப்பத்தெட்டு வீடுகள். எல்லா ஜன்னல்களுக்கும், ஆள் கிளம்பிவிட்ட வீடுகளில் கதவுகளுக்கும், தச்சர் வெளியிலிருந்து பலகை வைத்து ஸ்க்ரூ முடுக்க வேண்டும். போன புயலில் கதவுகள் உள்பக்கமாகப் பிய்ந்து, அந்த வழியாகப் புகுந்த காற்றில் கூரைகளும் போனதால் இந்த ஏற்பாடு. பூந்தொட்டி, வாளி, துடைப்பம் என்று காற்றில் பறக்கக்கூடிய எதையும் வெளியில் விட்டுவைக்காமல் சாக்கில் சேர்ப்பது என் வேலை. பூட்டுகள் கதவுக்குள்ளேயே பதித்தவை என்பதால், எந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று தலைவர் கேட்டதற்குத் தச்சர், "வாசல்ல செருப்பு கெடந்தா ஆள் இருக்கு, இல்லேன்னா இல்ல. இதுக்கும் கணக்கு போடணுமா வாத்தியாரே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பறக்கக்கூடியவற்றில் செருப்பும் சேரும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகு எட்டு மணி அளவில் நர்ஸ் அக்கா இரவு டியூட்டி முடிந்து வந்தார். தொடர்ந்து இரண்டு இரவுகள் கண் விழித்திருந்தார். அவர் தனியாக இருக்கிறார். முன்கட்டு வீட்டுக்காரர்கள் முந்தின நாளே போய்விட்டார்கள். கேட் அருகில் என்னைப் பார்த்து, "ஏய் புத்தகப்புழு, பஸ் மூணு மணிக்குத்தானே? ரெண்டு மணிக்கு வந்து என்னை எழுப்பி விடு. காதுல பஞ்சு வெச்சுட்டுத்தான் படுப்பேன், லேசா தட்டினா கேக்காது. கதவ ஒடச்சாலும் பரவால்ல" என்றார். நான் சரி என்றேன்.

அதன் பிறகு பதினொன்றரை மணிக்குச் சாக்குடன் பின்கட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, ஒரு கதவு, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு முந்தின நாளே பலகை அடித்தாயிற்று. வாசலில் அவருடைய நீலச் செருப்பு இருந்தது. காற்று ஏறிவிட்டிருந்தது, ஒரு செருப்பு நான் பார்க்கும்போதே புரண்டு படியிலிருந்து இறங்கியது. பறந்துவிட்டால் எழுந்ததும் தேடுவார் என்று இரண்டையும் எடுத்துச் சாக்கில் போட்டேன். இன்னும் இரண்டரை மணி நேரம் தூங்கட்டும் என்று சத்தமில்லாமல் வந்துவிட்டேன். தச்சரிடம் சொல்லவில்லை.

அதன் பிறகு நான்காம் தெருவில் தையல்காரரின் மாமியார், படுத்த படுக்கையாக இருப்பவர், அவரைக் கட்டிலோடு தூக்கி ஆம்புலன்சில் ஏற்ற ஆள் போதவில்லை என்று அழைத்தார்கள். வண்டி வரத் தாமதமாகி, அந்த வேலை முடிய இரண்டே முக்கால் ஆனது. போன்கள் நண்பகலிலேயே செயலிழந்துவிட்டன. நான் பின்கட்டுக்கு ஓடியபோது கதவுக்குப் பலகை அடித்திருந்தது. அக்கா எழுந்து போயிருப்பார் என்று நினைத்துப் பஸ்ஸில் ஏறினேன்.

முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் தலைவர் பெயர் வாசித்தார். அக்காவின் பெயர் வந்தபோது, "டியூட்டிக்குப் போயிருப்பாங்க சார்" என்று நான்தான் சொன்னேன். அவர் அதன்படி குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு ஐந்து மணி அளவில், கடல் முதல் தெருவுக்குள் வந்துவிட்டது என்று செய்தி வந்ததும், நான் தச்சரைத் தனியாக அழைத்துச் சாக்கைத் திறந்து காட்டினேன். அவர் உள்ளே பார்த்துவிட்டு, "ரெண்டு தட்டு தட்டினேனே பாப்பா" என்றார். ட்ரில் மிஷினை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பாலத்தில் காவலுக்கு நின்றவர்கள் இடுப்பளவு தண்ணீர் என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள். ஈரத்தோடு வந்து வாசல் பக்கமாகவே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தண்ணீர் வடிந்ததும் அவரும் நானும் போனோம். ஸ்க்ரூக்களை அவர்தான் கழற்றினார். அக்கா இரும்பு பீரோவின் மேல் சுருண்டு கிடந்தார், மூச்சு இருந்தது. சுவரில் தண்ணீர்க் கறை பீரோவின் மேல்தட்டுக்கு நான்கு விரல் கீழே இருந்தது. கதவின் தாழ்ப்பாள் திறந்திருந்தது. பலகையின் உட்பக்கம் முழுவதும் கத்தரிக்கோலால் குத்திய பள்ளங்கள் இருந்தன, ஓரிடத்தில் மட்டும் வெளிச்சம் வந்தது. அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருக்கிறோம். இந்த நேரம் வரை கண் விழிக்கவில்லை.

தச்சர் தட்டாமலே அடித்துவிட்டார் என்று குடியிருப்பில் பேசுகிறார்கள். உங்கள் ஜீப்பில் ஏறும் முன் அவர் என்னிடம், "நீ வாயத் தொறக்காத. நாலு பேர் திட்டறது எனக்கென்ன புதுசா?" என்றார். செருப்பை நான் எடுத்ததை அவர் இதுவரை உங்களிடம் சொல்லவில்லை என்று அறிகிறேன்.

மேற்படி வாக்குமூலத்தை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். ஓரிடம் தவிர மற்றவை சரியாக உள்ளன. "அக்கா எழுந்து போயிருப்பார் என்று நினைத்து" என்ற இடத்தை அடிக்கக் கேட்டுக்கொண்டேன். அப்படித்தான் நான் முதலில் சொன்னேன், ஆனால் அது சரியல்ல. பலகைக்கு முன் நின்றபோது சாக்கு என் கையில் இருந்தது. செருப்பு இல்லாமல் எப்படிப் போயிருப்பார் என்று எனக்கு அப்போதே தோன்றியது. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, அம்மா பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். பலகையைத் தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். உள்ளிருந்து பதில் வந்துவிட்டால் நான் நிற்க வேண்டியிருக்கும் என்பதால் தட்டவில்லை. அடித்த இடத்தில் இதையே எழுதி, பக்கத்தில் என் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். இப்போது எல்லாம் உண்மை.

(கையொப்பம்)